தனியாகத் திறந்த ரிப்போட்

நாற்பத்தொரு வயதில் நான் கருவுற்றபோது கணவர் கட்டாரில் இருந்தார். வயிற்றுப் பிள்ளையின் மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்திலும் கலந்திருக்குமாம். அதில் குறைபாடு உண்டா என்று பார்க்க என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

மருதமுனை வீட்டில் தனியாக இருந்தபோது ரிப்போட் போனுக்கு வந்தது. ‘அதிக ஆபத்து’ என்றிருந்தது. அதையே முடிவென்று நம்பிவிட்டேன். தினமும் அவர் அழைத்து, “புள்ள எப்படி?” என்று கேட்பார். “சுகம்தான் மச்சான்” என்பேன். பிறகு அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

ஒன்பதாம் நாள் கிளினிக்கில் டொக்டர், “இது சந்தேகம் மட்டுந்தான் தங்கச்சி, முடிவில்ல” என்றார். பிறகு பனிக்குட நீரைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப இத்தன நாளா நான் யாரோட கதைச்சன்?” என்று கேட்டார்.

இப்போது எந்த ரிப்போட் வந்தாலும், அவர் போனில் வந்த பிறகே திறக்கிறேன்.