முனீஸ் சும்மா கொடுத்த விளையாட்டு

சும்மா கொடுக்கிற சாமானுக்கு எவன் காசு கொடுப்பான்?

கட்டிங் மாஸ்டர் காசிமாயன் இந்தக் கேள்வியை எங்கள் லைன் வீடுகளில் எல்லோரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. முனீசுக்காவது தெரிந்திருக்க வேண்டும், சாமானைச் சும்மா கொடுத்தவன் அவன்தான். அவனுக்கும் தெரியவில்லை. பதில் சொன்னால்தான் மாஸ்டர் தன் மகள் அனுசுயாவை அவனுக்குக் கட்டிக்கொடுப்பார் என்பதுதான் சிக்கல்.

முனீஸ், மாஸ்டர் துணி வெட்டுகிற அதே பனியன் கம்பெனியில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிறவன். முதலாளி மகுடேஸ்வரனுக்கு விண்டோஸைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுவிட்டார். அது இலவசம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முனீஸ் திறந்து பார்த்தான். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, லினக்ஸில் ஓடும் ஒரு விளையாட்டை எழுதினான். பெயர் ‘செக்கிங்’. திரையில் பனியன்கள் வரிசையாக வரும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் கண்டுபிடித்து, செக்கிங் பெண்கள் ஒட்டுகிற மாதிரியே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தவறவிட்டால், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் முகம் சிவந்து கண்டெய்னர் திரும்பி வரும்.

அனுசுயா அந்தக் கம்பெனியில்தான் செக்கிங் பார்க்கிறாள். ஒரு கையில் டீ டம்ளரைப் பிடித்தபடியே கடைசிக் கட்டம் வரை முடித்துவிட்டு, “நாள் பூரா இதத்தான பாக்குறேன். கல்யாணத்துக்கப்புறம் வீட்லயும் இதையே பாக்கணுமா?” என்றாள். கல்யாணம் என்று அவளே சொல்லிவிட்டதால் முனீஸ் மறுநாளே மாஸ்டரிடம் போய் நின்றான்.

விளையாட்டை இணையத்தில் சும்மா போட்டுவிட்டதாகவும், இஷ்டப்பட்டவர்கள் காசு கொடுக்கலாம் என்று கீழே எழுதியிருப்பதாகவும், இனி இதுதான் தன் தொழில் என்றும் சொன்னான். எழுதிய முறையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

“பேட்டர்னையும் சேத்தா குடுத்த?”

“ஆமா மாமா.”

“எவனாச்சும் அத வச்சு வேற வெட்டிட்டா?”

“வெட்டிட்டாங்க மாமா. போலந்துல ஒருத்தரு பனியன எடுத்துட்டுக் கத்தரிக்காய வச்சிருக்காரு. புழு இருக்கான்னு பாக்கணும். நல்லாருக்கு, நானும் வெளையாடுறேன்.”

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “மொதல்ல மாமான்னு கூப்புடுறத நிறுத்து,” என்றார்.

ஆனால் காசு வர ஆரம்பித்தது. எங்கெங்கோ இருந்து வந்தது. மாஸ்டர் சந்தோஷப்படுவார் என்று முனீஸ் நினைத்தான். அவர் பயந்துபோனார். சரக்கு அனுப்பாமல் காசு வாங்குவது திருட்டு, திருடனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பனியனாவது போக வேண்டும் என்பது அவர் உத்தரவு. காதர்பேட்டைக் கடைகளில், குறை இருப்பதால் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன்களை மலிவாக வாங்கிப் பார்சல் போட்டார்கள்.

அதில் ஒன்று ஓட்டை பனியன். பின்லாந்தில் ஒரு டீச்சரம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டி, பனியனைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். அவ்வளவுதான், எல்லோருக்கும் ஓட்டை பனியன் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதுவும் விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் வருகிற ஓட்டை, இடது அக்குளுக்குக் கீழே இருப்பது. முன்பணமும் வந்துவிட்டது.

அந்த இடத்தில் ஓட்டை விழுந்த செகண்ட்ஸுக்கு எங்கே போவது? மாஸ்டரும் முனீசும் மகுடேஸ்வரனிடமே ஆர்டர் கொடுத்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஓட்டை எத்தன எம்எம்முங்க?” என்று கேட்டார். “ஒரு சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்கிக்குங்க மாஸ்டர். நாளைக்கு ஓட்டை சின்னதாப் போச்சுன்னு சரக்கு திரும்பி வந்துறக் கூடாதுங்க.”

சாம்பிள் போய் அப்ரூவலும் வந்தது. இத்தனை வருடம் நூல் பிசகாமல் வெட்டிய மாஸ்டருக்கு ஓட்டை போடுவது பெரிய வெட்கமாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தைத்து வந்த பனியன்களில் தானே கத்தரி முனையால் ஓட்டை போட்டார். இந்த ஓட்டை ஆர்டரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று முனீசிடமும் முதலாளியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

பனியன்கள் செக்கிங்குக்கு வந்தன. அனுசுயா எடுத்த முதல் பீஸில் ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. அத்தனையிலும் அதே இடத்தில் ஓட்டை. முனீசின் முதல் ஆர்டர் இது, இது கெட்டால் தன் கல்யாணமும் கெட்டது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் கண் கலங்கியதைப் பார்த்து மற்ற பெண்களுக்கும் மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, ஊசியும் அதே நூலும் எடுத்து, ஓட்டை இருந்த இடமே தெரியாதபடி ஒவ்வொன்றையும் அடைத்தார்கள். மாஸ்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அவர்களும் மூச்சு விடவில்லை. சரக்கு கப்பல் ஏறிவிட்டது.

பிறகு கடிதங்கள் வந்தன. தேடிக்கொண்டே இருக்கிறோம், ஓட்டையைக் காணோம், இவ்வளவு கஷ்டமான கட்டத்தை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு குடும்பம் பனியனை ஜன்னலில் விரித்து வெயிலில் ஆராய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார்.

முனீஸ் படித்துச் சொல்லச் சொல்ல மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓட்டை என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு நல்ல பனியனை அனுப்பி ஏமாற்றிவிட்டோமே என்று புலம்பினார். எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வராதே என்று முடித்துவிட்டார். அப்போதுதான் சோற்றுத் தட்டோடு வந்த அனுசுயா, “ஓட்டையெல்லாம் இருந்துச்சுப்பா. நாங்கதான் அடைச்சோம். எங்க கைவேலைய எவனும் கண்டுபுடிக்க முடியாது,” என்றாள்.

முனீஸ் உண்மையை அப்படியே எழுதிப் போட்டான். ஓட்டை இருந்தது, எங்கள் பெண்கள் இரக்கப்பட்டு அடைத்துவிட்டார்கள், மன்னியுங்கள், காசு திருப்பித் தரப்படும்.

யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அடைத்த இடத்தைத் தேட இன்னும் ஒரு பனியன் வேண்டும் என்று மேலும் காசு அனுப்பினார்கள். அடைத்த பெண்களுக்கு என்று தனியாகவும் அனுப்பினார்கள்.

மாஸ்டர் அதையெல்லாம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “கொறையக் காணோம்னு கூடக் காசு குடுக்குற பையர நான் பாத்ததே இல்ல. சரிப்பா, மாமான்னே கூப்புடு.”

கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும் தாம்பூலப் பையில் ஒரு பனியன் போட்டுக் கொடுத்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மறந்துவிட்டு அக்குளுக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார்கள். மகுடேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

முனீசின் விளையாட்டைப் போலவே இந்தக் கதையும் சும்மாதான். படித்தவர்கள் இன்னொருவருக்குக் கொடுங்கள். எங்காவது ஓட்டை தெரிந்தால் அடைத்துவிட்டுக் கொடுங்கள். கத்தரிக்காய் வைத்து எழுதினாலும் எனக்குச் சம்மதம்.