மூலையில் ஒரு பொட்டு மஞ்சள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரைக் கிருத்திகை அன்று திருத்தணியில் நடந்தது இது. அன்று காலை பத்தே முக்கால் மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துகிறோம். சென்னையில் ஒரு கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாக வேலையே இல்லை. வாடகைக்கு எடுத்த மிஷின்களை அந்த மாதத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடத்தைப் பூட்டிவிடலாம் என்று எட்டுப் பேரும் பேசி முடிவே எடுத்துவிட்டோம். அப்போதுதான் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு விவசாய உதவி அமைப்பு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விதை கொடுக்கப் போகிறது. கேழ்வரகு விதைக்குச் சின்னத் துணிப்பை, வேர்க்கடலை விதைக்குப் பெரிய பை. தைத்துக் கொடுக்க டெண்டர். யார் வேண்டுமானாலும் போடலாம்.

டெண்டர் என்றால் உள்ளே ஒரு ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் அதுவரை படித்த பாடம். எனவே கூட்டம் போட்டு விளக்கம் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும், திருத்தணி அரக்கோணம் ரோட்டில் மாடியில் இருந்த அந்த ஆபீசுக்கு மலைக்கோயில் பஞ்சாமிர்த டப்பாவோடு போனேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் ஊர் வழக்கத்துக்கு எது செல்லுபடியாகும் என்று எனக்குத் தெரியாதா?

கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். டப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். "பிரசாதம்னா கும்பிட்டுக்கறேங்க. ஆனா எடுத்துக்க முடியாது. டெண்டர் போடறவங்ககிட்ட நாங்க டீ கூடக் குடிக்கக்கூடாது" என்றார். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்ற ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவ்வளவு திமிரா என்று முனகிக்கொண்டே கீழே இறங்கி, டப்பாவை பஸ் ஸ்டாண்டிலேயே உடைத்துத் தின்று தீர்த்தேன்.

அவர் கொடுத்த தாளில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதுகூட இருந்தது. கேழ்வரகு கடுகு மாதிரி, சின்ன இடைவெளி கிடைத்தாலும் ஒழுகிவிடும். அதனால் மடித்து இரட்டைத் தையல். வெளுக்காத பருத்தித் துணி. மாதிரிக்கு மூன்று பைகள் கொடுக்க வேண்டும், அவற்றில் பெயர், முத்திரை, எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. யார் தைத்தது என்று தெரியாமலே வேறு மூன்று பேர் பார்த்து மார்க் போடுவார்களாம். கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணி. அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் வாங்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கூடத்தில் இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்களில் மூத்தவரான அக்காதான் மூன்று பைகளையும் தைத்தார். அவர் கை தையல் என்றால் எறும்பு வரிசை போட்ட மாதிரி இருக்கும். தைத்து, இஸ்திரி போட்டு, மிச்சமிருந்த இரண்டு மீட்டர் துணியிலேயே சுற்றி மூட்டை கட்டி, காலையில் பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கிருத்திகை என்பதால் பஸ் முழுக்கக் காவடி. எப்படியோ பத்தரைக்கு ஆபீஸ் போய்விட்டேன். விலை எழுதிய கவரைப் பெட்டியில் போட்டாயிற்று. பெஞ்சில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பக்கத்தில் அரக்கோணத்தில் சாக்குப்பை வியாபாரம் செய்யும் ஒரு தம்பி. மாதிரிகளைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மூட்டையைப் பிரித்தேன்.

மூன்று பையிலும், மூலையில், பளிச்சென்று மஞ்சள்.

புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் பக்கத்தில் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால் எனக்கு முன்கூட்டியே சொல்லத் தோன்றவில்லை. மூத்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பையில இன்னா பண்ணீங்க?"

"மஞ்ச வச்சேம்மா. ஏன், நல்லா தெரியலியா?"

"எந்த அடையாளமும் இருக்கக்கூடாதுன்னு படிச்சேனேக்கா."

"மஞ்ச எப்படிம்மா அடையாளம் ஆவும்? மஞ்ச மஞ்சதானே."

போனை வைத்துவிட்டுக் கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். பைப்புத் தண்ணீரில் கசக்கினேன். பொட்டாக இருந்தது தோசை ஆனது. எட்டிப் பார்த்த சாக்குப்பைத் தம்பி, "சோப்பு போடுங்கக்கா, போய்டும்" என்று கை கழுவும் இடத்திலிருந்த சோப்பை எடுத்துக் கொடுத்தார். போட்டேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவப்பாகும் என்பதை தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். அவசரத்தில் எனக்குப் புத்தி போகவில்லை. இப்போது பையில் குங்குமமும் வைத்தாயிற்று.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேண்டுமென்றேதான் செய்தாரோ என்று அந்தத் தம்பியை ஒரு முறை முறைத்தேன். அவர் முகம் என்னைவிட வெளிறிப்போயிருந்தது. "சத்தியமா தெரியாதுக்கா" என்றார்.

வேறு வழியில்லாமல் அதிகாரி மேஜைக்குப் போய், விலைக் கவரைப் போட்ட பிறகும் மாதிரியை வேறு தைத்துக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். அந்த அம்மா என் கையில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. "உங்களுக்குத் தனியாப் பதில் சொல்ல முடியாதுங்க" என்றார். போச்சு என்று நினைத்தேன். அவரோ எழுந்து வந்து பெஞ்சில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்து, விதிப் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். கடைசி நேரம் முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் மாதிரி கொடுக்கலாம், கொடுத்ததைத் திரும்ப வாங்கியும் மாற்றலாம். படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இந்தக் கடிகாரம்தான் கணக்கு. இப்ப பதினொண்ணு ஏழு."

பொதட்டூர்பேட்டை போய் வர நேரமில்லை. ஆனால் மூட்டை கட்டியிருந்தது அதே துணிதான், அதில் மஞ்சள் இல்லை. ஒரு மிஷின் கிடைத்தால் போதும். படியில் ஓடினேன். பின்னாலேயே அந்தத் தம்பி. "வண்டியில ஏறுங்கக்கா. நான்தானே செவப்பாக்கினேன்."

போட்டிக்கு வந்தவர் வண்டியில் ஏறலாமா என்று யோசிக்க நேரமில்லை. ரோடு முழுக்க அரோகரா சத்தம், காவடி, பால்குடம், மொட்டைத் தலைகள். அவர் சந்து சந்தாக விட்டு, மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடை முன்னால் நிறுத்தினார். கிருத்திகைக்கு அந்தக் கடையில் என்ன தைப்பார்கள்? காவடிக்காரர்களுக்கு மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு. கடை பூராவும் மஞ்சள். மிஷினில் மஞ்சள் நூல். டெய்லர் கையெல்லாம் மஞ்சள் சாயம்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். டெய்லர் தெலுங்கு பேசுகிறவர். துண்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த ஒரு காவடிக்காரரிடம், "பத்து நிமிஷம் இரு நைனா, முருகன் எங்கயும் போயிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு மிஷினை விட்டு எழுந்தார். "நான் தொட மாட்டேம்மா. நீயே உக்காந்து தை."

நான் கையை மூன்று முறை கழுவினேன். பலகையில் பேப்பர் விரித்தேன். வெள்ளை நூல் கோத்தேன். தம்பி பழைய பைகளிலிருந்து வாயைக் கட்டும் நாடாவை உருவிக் கொடுத்தார், நல்லவேளை அதில் கறை இல்லை. மூத்த அக்காவின் தையல் மாதிரி என் தையல் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று என் கால் மிஷினை மிதித்தது மாதிரி அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் மிதித்ததில்லை. காவடிக்காரர் கூட வரிசையை விட்டு வந்து குனிந்து பார்த்து, "ரெண்டாவது ஆயிடுச்சு" என்று கூட்டத்துக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பையின் நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தேன். உள்ளேயிருந்து டெய்லரின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கிண்ணத்தோடு வந்தார். "நல்ல காரியத்துக்குப் போவுது, மூலையில ஒரு பொட்டு வச்சுடறேன்" என்று விரலை நீட்டினார்.

பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் ஸ்டூலோடு பின்னால் சாய, டெய்லர் தன் மனைவியின் கையைப் பிடிக்க, தம்பி குறுக்கே பாய, அந்த விரல் கடைசியில் தம்பியின் வெள்ளைச் சட்டையில் பதிந்தது. கடையே சிரித்தது. எனக்கும் அப்போதுதான் அன்றைய முதல் சிரிப்பு வந்தது.

மாடி ஏறும்போது கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்திரண்டு. அதிகாரி பைகளை வாங்கி, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஒரு எண் எழுதிய சீட்டைக் குத்தி, நேரத்தைப் பதிவில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. பன்னிரண்டு அடித்ததும் கதவைச் சாத்தினார். பன்னிரண்டு மூன்றுக்கு ஒருவர் காரில் வந்து இறங்கி, யார் யார் பெயரையோ சொல்லிப் பார்த்தார். கதவு திறக்கவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளாத கைதான் இன்று இந்தக் கதவையும் சாத்துகிறது. எந்தப் பெயரும் சொல்லத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கை எவ்வளவு பெரிய பாதுகாப்பு. அதைத் திமிர் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. சின்னப் பைகள் எங்களுக்கு, பெரிய பைகள் சாக்குப்பைத் தம்பிக்கு. மூத்த அக்கா கடிதத்தை வாங்கி, படிக்காமலே மிஷின் மேல் வைத்து அழுதார். அவர் தைத்த மாதிரிப் பை போகவில்லை, நான் அவசரத்தில் தைத்ததுதான் போனது என்று சொல்லிக் கொஞ்ச நாள் அவரைக் கிண்டல் செய்தேன். தம்பி போன் செய்து, "அக்கா, என் சட்டையில மஞ்ச பட்ட ராசிதான் ரெண்டு பேருக்கும் கெடச்சுது. அந்தச் சட்டைய நான் இன்னும் தொவைக்கல" என்றார். கூடத்தைப் பூட்டவில்லை. எட்டு மிஷினும் விடாமல் ஓடின. ஒரு பையிலும் மஞ்சள் படக்கூடாது என்று மூத்த அக்காவே எங்கள் கைகளைச் சோதனை போட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆடி மாதம் கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விதை கொடுத்தார்கள். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அதிகாரியும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முதல் பையை வாங்கிய விவசாயி அம்மா ஒருத்தி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். விரலில் கொஞ்சம் எச்சில் தொட்டு, பையின் மூலையில் அழுத்தமாக மஞ்சள் வைத்தாள். அடுத்தவள் அவளிடம் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினாள். அப்படியே வரிசை முழுக்கப் போனது.

என்னையறியாமல் அதிகாரி முகத்தைப் பார்த்தேன். அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க" என்றார். "இப்ப அது அவங்களுதுங்க. அவங்க வைக்கலாம்."

பக்கத்தில் நின்ற மூத்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆங், அது சரிதானேம்மா. தைக்கிறவளா மஞ்ச வைப்பா? உடுத்தறவ தானே வைக்கணும். எனக்கு இது தெரியாம போச்சே" என்றார். அவர் கண்ணில் நீர், எனக்கும்தான்.

புதிதாக எந்த ஆர்டர் வந்தாலும் கட்டுக் கட்டும்போது கடைசியாக நான் ஒவ்வொரு பையின் மூலையையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஆசையாக வைக்கப் போகும் மஞ்சளுக்கு அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டுமே.