கட்டிங் மாஸ்டரின் வலது கை

அன்று அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: இறந்துபோன கட்டிங் மாஸ்டரின் மனைவி, ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அவர் மகள், எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் படம் வரையும் நான். மறுநாள் மாஸ்டருக்கு வருஷத் திதி. அதற்குள் படம் முடிய வேண்டும்.

அவர் துணி வெட்டுவதுபோல் வரையச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி அடையாள அட்டையில் முகம் இருந்தது, கைகள் இல்லை. முகத்துக்கு ஆயிரம், கைகளுக்கு ஆயிரம் என்று முன்பணமாகவே வாங்கிவிட்டேன். அந்தப் பயத்தில் கைகளை நாலு தடவை அழித்து வரைந்திருந்தேன்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். “மூஞ்சி அவரேதானுங்க. கை யாரோடதுங்க?”

“ஜவுளிக்கடை பொம்மை கையாட்ட இருக்குது,” என்றாள் மகள். அவளே வலது கையில் கத்தரியைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். “எங்கப்பா கை இதேதானுங்க. பார்த்துப் போடுங்க.”

அதுவரை விரல் முட்டிகளை ஒரே கோட்டில் பட்டன் தைத்ததுபோல் வரைந்துவந்தேன். அவள் கையில் அவை வளைந்து இறங்கின. நடுவிரல் முட்டி மேலே, சுண்டுவிரல் முட்டி கீழே. மடங்கிய இடத்தில் தோல் இழுபட்டு வெளுத்திருந்தது. அப்படியே வரைந்து, கொஞ்சம் தடிமனாக்கினேன். அந்த அம்மா முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

மகளின் இடது கையில் மெஷின் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் படத்தில் இடது கையைத் துணி மடிப்புக்குள் மறைத்துவிட்டு, அதற்கான காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

“அந்தக் கை துணியப் புடிச்சுட்டு இருக்குதுங்க தம்பி. விடுங்க,” என்றார் அந்த அம்மா.

என்னால் விட முடியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் இன்னும் தர வேண்டியிருப்பது, அந்த இடது கைக்கான ஐநூறு ரூபாய்.