பூட்டிய வீடும் ஜெபக்குறிப்பும்

எங்கள் குழித்துறைப் பக்கம் களவு பெருத்திருந்த நேரம். வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வோம் என்று போலீஸ்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மூத்த மகளின் பிரசவத்துக்கு நானும் மனைவியும் மஸ்கட் புறப்பட வேண்டியிருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் இளையவளின் கல்யாணத்துக்கென்று மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த நகை அரிசிப் பானைக்குள் இருந்தது.

"ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன்" என்றேன்.

"உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஆளில்லாத வீட்டுக்கு நாமளே வெத்தல பாக்கு வச்சு கள்ளன அழைக்கணுமாக்கும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போலீசுக்குத் தெரிந்தால் கள்ளனுக்குத் தெரிந்த மாதிரி என்பதில் எங்கள் ஊரில் இந்துவுக்கும் கிறிஸ்தவனுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. ஆகவே ஈ காக்கைக்குத் தெரியாமல் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பயணத்துக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்ததோடு சரி. அதைக் கொடுக்காமல் எங்கள் சபையில் யார் விமானம் ஏறியிருக்கிறார்கள்? போதகர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் கர்த்தருக்கு விவரமாக எடுத்துச் சொல்லி ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் மிச்சமிருந்த ஊருக்கும் சொன்னது.

திரும்பி வந்தபோது பின்கதவு பெயர்ந்து கிடந்தது. பானையில் அரிசி மட்டும் இருந்தது. "எம் பிள்ளைக்க கல்யாணம் போச்சே" என்று மனைவி அடுக்களையில் உட்கார்ந்து நெஞ்சிலடித்து அழுதாள்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் ஏட்டையா வந்தார். எங்கள் சபைக்காரர்தான்.

"நீங்க ஊர்ல இல்லன்னு யாருக்கெல்லாம் தெரியும் சார்?"

"நாங்க யாருகிட்டயும் சொல்லல்ல" என்றேன்.

"எனக்கே தெரியும். அன்னைக்கு சபையில நானும்லா ஆமென் சொன்னேன்" என்றார்.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமென் சொன்ன ஆளு, ஜீப்ப எடுத்துட்டு இந்தப் பக்கம் ஒருக்கா வந்து எட்டிப் பாத்தா என்னவாம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வந்திருப்பேன் அக்கா. வீட்டு நடையில போலீஸ் ஜீப்பு நின்னா, பொறவு பிள்ளைக்கு மாப்பிள வருமான்னு நீங்கதான சண்டைக்கு வருவிய?"

சற்று முன்புதான் அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, ஜீப்பை ரேஷன் கடை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரும்படி அவரிடம் கெஞ்சியிருந்தாள்.