டேங்க்கில் பெட்ரோல் இருந்தது

கேப்டன் பெட்ரோல் போடாமல் வண்டி ஓட்டுகிறவர் என்று பேச்சு. சுத்தப் பொய். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் பழைய கார் ஒன்று நடுரோட்டில் நின்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். ஓட்டுவது பெண் என்றால் காரணம் தேடும் சிரமம்கூட இல்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நால்வரைக் காலை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவது அவர் பிழைப்பு. கேப்டன் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது கார் இருமி நின்றது. மெக்கானிக் டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று புதிது போட்டார். சில வாரம் ஓடி, மறுபடி அதே பாலத்தில் நின்றது. மறுபடி புது பம்ப். மறுபடி அதே இருமல்.

இந்த முறை மூத்த நர்ஸ் இறங்கும்போதே சொல்லிவிட்டார். "மனசு வரலதான் கேப்டன். இன்னொரு தடவ நின்னா நாங்க வேனுக்கு மாறிடுவோம்."

மெக்கானிக்குக் கவலையே இல்லை. "பம்ப் பெட்ரோல்ல முங்கியே இருக்கணும்மா. நீங்க காலி டேங்க்ல ஓட்டிக் காய விடுறீங்க."

"முள்ளப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாக்க என்ன இருக்கு? லேடீஸ் எல்லாம் இப்படித்தான்."

கேப்டனின் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். "அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. கேப்டன் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டார். அடுத்த வாய்க்குக் கணவரே எழுந்து போக வேண்டியதாயிற்று.

மறுநாள் கேப்டன் வண்டியை வயரிங் கடைக்கு விட்டார். கணவரும் கூட வந்தார். வேடிக்கை பார்க்கத்தான். கடைக்காரர் பின் சீட்டைக் கழற்றினார்.

"பம்புக்கு கரன்ட் வருதான்னு பாத்தாங்களா தங்கச்சி?"

"டெஸ்ட் லைட்டு வச்சுப் பாத்தாங்கண்ணே. பளிச்சுன்னு எரிஞ்சுது. அப்ப பம்ப்தான் கெட்டிருக்குன்னாங்க."

"லைட்டோட கிளிப்ப எதுல மாட்டுனாங்க?"

"கதவு போல்ட்ல."

"அதான பாத்தேன். கரன்ட் வர்ற வழிய மட்டும் பாத்திருக்காங்க, பம்ப்லேர்ந்து எர்த் வழியா திரும்பிப் போற வழியப் பாக்கல. வந்த விருந்தாளிக்கு வெளிய போக வாசல் இல்லன்னா அடுத்தவன் எப்படி உள்ள வருவான்?"

எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பம்ப்பின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த்திலும் வைத்தார். ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டிய மீட்டர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பம்புக்குச் சேர வேண்டியதை வழியிலேயே எதுவோ தின்றுகொண்டிருந்தது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது முடியும் இடத்தில், காரின் தரைத் தகட்டில் ஒரு போல்ட். கழற்றினார். கீழே இரும்பு தெரியவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று சாம்பல் நிறப் பெயின்ட்.

"பெயின்ட் வழியா கரன்ட் போகாது. போல்ட் மரை வழியா கொஞ்சூண்டு தொட்டுக்கிட்டு ஓடியிருக்கு. பம்ப் மாத்துறப்ப வயர அசைச்சிருப்பாங்க, சரியாயிருக்கும். குலுங்குனா திரும்ப விட்டுப்போகும். யாரு அடிச்சது இத? பட்டு மாதிரி இருக்கு."

கணவர் கூரையைப் பார்த்தார்.

"கேக்குறாருல்ல, சொல்லுங்க," என்றார் கேப்டன்.

போன வருஷம் காரின் தரையில் துரு பிடித்தபோது கணவர்தான் அடித்தார். வேறு பெயின்டர் என்றால் போல்ட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். இவர் கழற்றி, அடியிலும் பூசி, திரும்ப முடுக்கினார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட விடவில்லை என்று தெருவையே கூட்டிக் காட்டினார். அந்த வாய்தான் காலி டேங்க்குக்கு ஆமாம் போட்டது.

கேப்டன் உப்புத்தாளை அவர் கையில் வைத்தார். "நீங்களே சுரண்டுங்க."

குழந்தையின் கன்னத்தைத் தேய்ப்பது போலத் தேய்த்தார் கணவர்.

"இன்னும்."

இரும்பு பளபளத்தது. வயரை வைத்து இறுக்கியதும் மீட்டர் சைபரில் படுத்தது.

"துருப்பிடிச்சிருமே. மேல லேசா ஒரு கோட்டு..."

"கிரீஸ் தடவிடுறேன்," என்றார் கடைக்காரர். "பிரஷ்ஷ எடுத்தீங்கன்னா பம்ப்ப உங்க கழுத்துல மாட்டிருவேன்."

அடுத்த நாள் காலை கார் இருமாமல் பாலம் ஏறியது. உச்சி தாண்டியதும் மூத்த நர்ஸ் மூச்சு விட்டார். "இன்னிக்கு பெட்ரோல் போட்டாச்சா கேப்டன்?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

"சரி சரி. நாளைக்கும் இதே நேரம் வந்துருங்க."

அவர்களை இறக்கிவிட்டு, கேப்டன் மெக்கானிக் கடை வாசலில் போய் நின்றார். எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "வந்து முள்ளப் பாருங்க," என்றார்.

"கையில வேலை இருக்கும்மா."

"முடிச்சுட்டு வாங்க. எவ்வளவு நேரம்னாலும் ஓடும். டேங்க்ல பெட்ரோல் இருக்கு."