கை என்னுது, தலை யாருது?

வெள்ளிக்கிழமை காலைல நோட்டீஸ் கட்டு வந்து எறங்கும். பிரிச்சா குப்புனு இங்க் வாசனை... மண்ணெண்ணெய் மாதிரி. தொட்டா விரல்ல செவப்பு ஒட்டும். அந்த விரலோடயே பில் போடுவோம்.

பிளஸ் டூ முடிச்ச கையோட கும்மிடிப்பூண்டில ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லிங்ல சேர்ந்தேன். பேரு வேணாம்... இங்க பாதி பேருக்கு தெரியும். பொன்னேரில ஒண்ணு, செங்குன்றத்துல ஒண்ணு, எங்களது ஒண்ணுனு அவங்களுக்கு மூணு கடை. வாராவாரம் சனிக்கிழமை பேப்பருக்குள்ள வச்சு ஆஃபர் நோட்டீஸ் ஊர் முழுக்க போகும்.

துவரம் பருப்பு, சோப்பு, டீத்தூள்... ஓரத்துல கூடைய வச்சுக்கிட்டு சிரிக்கிற ஒரு பொம்பள. எந்த ஊர் பொம்பளயோ. சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வேர்வையோட பருப்பு வாங்க வர்ற எங்க ஜனத்துல அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல.

ஒரு பொங்கலுக்கு முன்னாடி மேனேஜர் சார் என் கவுன்ட்டருக்கு வந்தாரு.

"இந்த தபா நோட்டீஸ்ல நம்ம ஊரு ஆளு ஒண்ணு போடலாம்னு ஓனர் சொல்றாருமா. உன் சிரிப்பு நல்லாருக்கும். நாளைக்கு பொடவை கட்டிக்கினு வந்துடு."

நான் கேட்டேனா? நானா போய் நின்னேனா? அவங்களா வந்து கூப்பிட்டாங்க. இத மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

அம்மாவோட பச்சைப் பொடவையக் கட்டிக்கிட்டு போனேன். கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்கிற அண்ணன் ஒருத்தர் ஆயில் ரேக் முன்னாடி நிக்க வச்சு, கைல சன்ஃபிளவர் ஆயில் பாக்கெட்ட குடுத்து, சிரிம்மா சிரிம்மானு உயிர எடுத்துட்டாரு.

அம்மா சும்மா இருப்பாங்களா? அப்போ அவங்க சிப்காட்ல ஒரு கம்பெனில ஹவுஸ்கீப்பிங். கம்பெனி கேட், ஷேர் ஆட்டோ, சர்ச்சு... ஒரு எடம் பாக்கி இல்ல. "எம் பொண்ணு பேப்பர்ல வரா." நோட்டீஸ்மானு சொன்னா காதுலயே வாங்கல. நடவு நட்டுட்டு அப்புறம் கம்பெனில தரை தொடைக்கப் போன பொம்பள... அவங்க வீட்டு மூஞ்சி ஒண்ணு அச்சுல வருதுன்னா அது அவங்களுக்கு எவ்ளோ பெருசு!

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, கட்டு பிரிக்கும்போது நான் இல்ல. சனிக்கிழமை காலைல, எழுதப் படிக்கத் தெரியாத எங்கம்மா காசு குடுத்து பேப்பர் வாங்கிட்டு வந்தாங்க. நோட்டீஸ உருவினாங்க. பாத்தாங்க. திருப்பித் திருப்பி பாத்தாங்க.

"இன்னாடி இது... பொடவை என்னுது. கை உன்னுது. மூஞ்சி யாருது?"

பிடுங்கிப் பாத்தேன். பொடவை, பாக்கெட், மணிக்கட்டுல அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறிச்ச தழும்பு... எல்லாம் நான். கழுத்துக்கு மேல பால் கலர்ல வேற எவளோ பல்லக் காட்டறா. கழுத்து வரைக்கும் கும்மிடிப்பூண்டி, அதுக்கு மேல பம்பாய்!

தெருவுல விடுவாங்களா? "இன்னா மேரி, உம் பொண்ணு ஒரே ராத்திரில செவந்துட்டா? இன்னா க்ரீமு, எங்களுக்கும் சொல்லேன்..." எங்கம்மா... வாய் ஓயாத பொம்பள, அன்னிக்கு தண்ணி புடிக்கக் கூட வெளிய போகல. அதத்தான் என்னால தாங்க முடியல.

நேரா கடைக்குப் போனேன்.

"சார், என் தலை எங்க சார்?"

மேனேஜர் சிரிச்சாரு. "பிரிண்ட்ல கொஞ்சம் டல்லா வந்துச்சுமா. டிசைன் பண்றவன் மாத்திட்டான். பண்டிகை நோட்டீஸ் பளிச்சுனு இருக்க வேணாமா?"

"அப்போ கைய மட்டும் ஏன் சார் உட்டீங்க?"

"கை பாக்கெட்ட புடிச்சிக்கினு கீதுல்ல... அத எடுக்க முடியலயாம்."

கேட்டீங்களா நியாயத்த! பாக்கெட்ட தூக்கிப் புடிக்க என் கை வேணும். பாக்கறதுக்கு என் மூஞ்சி ஆகாது. இப்ப டைப் பண்ணும்போது கூட எனக்கு ரத்தம் கொதிக்குது.

க்யூல ஆளுங்க நிக்கறாங்கனு கூட பாக்கல, கத்திட்டேன். "எங்கள மாதிரி ஆளுங்கதான் சார் இங்க வந்து துட்டு குடுத்து வாங்கறோம். எங்க மூஞ்சி டல்லுனா, எங்க துட்டு மட்டும் பளிச்சுனு கீதா?"

"பொண்ணு கரெக்டாதான் கேக்குது"னு க்யூல இருந்து ஒரு அக்கா கொரல் குடுத்தாங்க. மேனேஜருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. தலையக் குனிஞ்சாரு. அப்புறம் "தப்புதாம்மா"ன்னாரு. மெதுவாதான் சொன்னாரு, ஆனா சொன்னாரு.

அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா... ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த என் ஃபோட்டோவ வெட்டி, சோத்துப் பருக்கைய வச்சு அந்த தலை மேல ஒட்டிட்டாங்க. தலை பெருசு, உடம்பு குட்டி. அப்படியே பீரோ கதவுல மாட்டிட்டாங்க. பாக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க, அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க.

நான் அந்த வேலைய விட்டு பல வருஷம் ஆச்சு. இப்போ பேப்பர் நோட்டீஸே கிடையாது. அந்தக் கடைங்கள ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. ஆஃபர் எல்லாம் போன்ல டொய்ங்னு வருது. போன வாரம் அவங்க ஃபேஸ்புக் பேஜ்ல, "மறக்க முடியுமா! இந்த அக்காவை தெரிஞ்சவங்க டேக் பண்ணுங்க"னு ஒரு போஸ்ட்டு.

அதே பொங்கல் நோட்டீஸ். அதே பால் மூஞ்சி. கீழ ஒருத்தர் சீரியல் நடிகைங்கறாரு, இன்னொருத்தர் ஓனர் பொண்ணுங்கறாரு.

நானும் எழுதினேன். "அந்தக் கை என்னுது. தலை என்னுது இல்ல. ஏன்னு உங்க கடைய கேளுங்க."

உடனே ரிப்ளை. "நன்றி மேம்! உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." பக்கத்துல ஒரு ஹார்ட்டு. வேற மாதிரி எழுதிப் பாத்தேன். அதே நன்றி, அதே ஹார்ட்டு. கொஞ்சம் அசிங்கமா கூட எழுதினேன்... அதுக்கும் ஹார்ட்டு!

கடைக்கே போயிட்டேன். பில்லிங்ல இருந்த பொண்ணு, "அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல பாக்கறாங்கக்கா. அது எங்க கீதுன்னே எங்களுக்கு தெரியாது"ன்னா. பாவம், அவளத் திட்டி என்ன புண்ணியம்?

அந்த மேனேஜர் மேல எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா ஒண்ணு... அன்னிக்கு நான் கத்தும்போது எதிர்ல ஒரு மனுஷன் நின்னாரு. தலைய குனிஞ்சாரு, தப்புன்னாரு.

இப்போ போனக் கைல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வாய் நிறைய திட்டு இருக்கு... திட்டறதுக்கு ஒரு மூஞ்சி கிடைக்கல.