மூன்றாம் மாடிக்குப் போகாத மாடு

திருவேற்காட்டில் வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி ஆன பிறகு, என் மாட்டுக்குப் பாலைவிட கிரகப்பிரவேசத்தில்தான் பேர். சிவப்பு மாடு, சாது. மேளத்துக்கு மிரளாது. வாழைப்பழத்தைக் கண்டால் மட்டும் யார் கையென்று பார்க்காது. பாடியில் ஒரு வீட்டில் ஐயர் தட்டையே காலி செய்துவிட்டது. அது தனிக்கதை, விடுங்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி ஆவடியில் காலேஜ் முடித்த கையோடு எங்கள் தெருக்கோடி அடுக்குமாடிக்கு மேனேஜராகச் சேர்ந்தாள். தண்ணீர் லாரி, லிஃப்ட், குப்பை, குடியிருப்பவர்கள் சண்டை எல்லாம் அவள் தலையில். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி சரியென்றால்தான் அவளை அங்கே அனுப்பிய கம்பெனி வைத்துக்கொள்ளும். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன ஆவணியில் அங்கே மூன்றாம் மாடியில் ஒரு புதுமனை புகுவிழா. விடிந்தும் விடியாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டில் பேத்தி, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றாள்.

“சார், மாடு மேல போகக் கூடாது.”

“இன்னாடி, தாத்தாவப் பாத்து சாருன்ற?”

“டூட்டில கீறேன் தாத்தா. சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

அதற்குள் வீட்டுக்காரரின் அம்மா பட்டுப்புடவையில் இறங்கி வந்துவிட்டார்.

“மாடு நுழையாத ஊட்டுல நான் பால் காய்ச்ச மாட்டேன். லிஃப்டுல ஏத்துங்க. இல்லன்னா உன் கம்பெனிக்கே போன் போடுவேன்.”

பின்னாலேயே செக்ரட்டரி. “லிஃப்டுல மாடு ஏறிச்சுன்னா, நாளைலேருந்து நீ வர வேணாம்மா.”

எப்படிப் போனாலும் பிள்ளைக்கு வேலை போகும். திரும்பிவிடலாம் என்று கயிற்றை இழுத்தேன். மாடு அசையவில்லை. அந்த அம்மாள் கையில் வாழைப்பழத் தட்டு.

பேத்தி அட்டையின் நாடாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். சின்ன வயதில் பாவாடை நாடாவைக் கடிப்பாள்.

“பாட்டி, உங்க பத்திரத்துல கார் பார்க்கிங்கும் சேத்துதானே எழுதிக் கீது?”

“ஆமா, சும்மாவா குடுத்தாங்க?”

“அப்போ அதுவும் உங்க ஊடுதானே? மாடு அங்க வரட்டும்.”

அம்மாள், கூடவே இறங்கி வந்திருந்த ஐயரைப் பார்த்தார். அவருக்குப் பூந்தமல்லியில் இன்னொரு வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “பேஷா வரலாம்” என்றார்.

பெருக்குகிற பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். இரண்டு தூணுக்கு நடுவே மாவிலை கட்டினார்கள். மாடு மகராணி மாதிரி நுழைந்து, நாலு பழம் தின்று, கோலத்தின் நடுவே சாணி போட்டது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

“இத யாரு அள்றது?” என்றார் செக்ரட்டரி.

“மெதுவாப் பேசு நைனா, மகாலட்சுமி வந்துக்கீறா” என்றார் அம்மாள்.

செக்ரட்டரி செருப்பைக் கழற்றிவிட்டு, மாட்டின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேத்தி பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா. மாடு பார்க்கிங் வரைக்கும்தான்னு போர்டுல எழுதிப் போடணும்.”

அவள் தலையை ஆட்டினாள். மாட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது பழையபடி மேனேஜர்.

“சார், பக்கெட் தரேன். அள்ளிக்கினு போங்க.”

அள்ளினேன்.